கிரேனுக்கு வெட்டிய ஆடு

அத்தியாயம் ஒன்பது

அன்று காலை ஜக்லூலின் அக்கா நிஃமத் அழுத அழுகையில் சூயஸ் கால்வாயின் தண்ணீர் ஒரு முழம் உயர்ந்து, தரைதட்டிக் கிடந்த சரக்குக் கப்பல் ஒன்று தானாக மிதந்து போனது. நம்பாதவர்கள் அரசு வழக்கறிஞர் அலுவலகப் படிக்கட்டைப் போய்த் தொட்டுப் பார்க்கலாம். ஈரம் இன்னும் காயவில்லை.

அழாமல் என்ன செய்வாள்? அவள் புருஷன் வக்தி, போர்ட் சைத் வட்டாரத்துக் கிரேன்களை வருடத்துக்கொரு முறை பரிசோதித்துச் சான்றிதழ் கொடுப்பவன். அவன் கையெழுத்துப் போட்ட கிரேன் ஒன்று போன வாரம் கொக்கியைக் கப்பியோடு கீழே போட்டது. ஹாஜி தர்தீரியின் படகுப் பட்டறையில், ஒரு மீன்பிடிப் படகின் இன்ஜினைத் தூக்கும்போது. கீழே கயிறு பிடித்து நின்ற ஹமாம் என்கிற தொழிலாளி அந்த இடத்திலேயே செத்தான். வக்தி உள்ளே போனான். இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குள் கோப்பு நீதிமன்றத்துக்குக் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால், ஆள் திரும்பி வரும்போது நிஃமத்தின் கைக்குழந்தைக்கு மீசை முளைத்திருக்கும்.

ஜக்லூலுக்கு இந்த உலகத்தில் தெரிந்த வேலைகள் இரண்டு. ஒன்று, வாயடிப்பது. மற்றொன்று, துப்பறியும் மேடம் ஸஃபினாஸின் கறுப்புக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவது. மேடத்தின் எடையில் பாதி அந்தப் பைதான் என்றும், மீதிப் பாதி மூளை என்றும் அவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். இன்றைக்கு இரண்டும் தன் மச்சானைக் காப்பாற்றுமா என்று தெரியாமல் அவன் நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தான்.

அரசு வழக்கறிஞர் தாஹிர் பே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலை மேஜையில் குமாஸ்தா தத்ரோஸ், அவித்த மொச்சையில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, உலகத்தின் மேல் உள்ள கோபத்தையெல்லாம் கரண்டியில் காட்டிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஒரு கரண்டி வெண்ணெய் போட்டா அது சாப்பாடு, தத்ரோஸ் எஃபெந்தி" என்றான் ஜக்லூல். "இப்படியே தின்னா அது கதவு பாலிஷ்."

"எங்க பெரிய நோன்புடா, ஈஸ்டர் வரைக்கும். வெண்ணெய் கிடையாது, முட்டை கிடையாது, கறி கிடையாது. உன்னைப் பார்க்கிறது மட்டும்தான் இருக்கு, அதையும் தடை பண்ணியிருக்கலாம்."

தாஹிர் பே கண்ணாடியை மாட்டினார். "மேடம், வழக்கு ரொம்பச் சின்னது. பாதுகாப்பு விதிப் புத்தகத்துல பளு சோதனைன்னு ஒண்ணு போட்டிருக்கு. கிரேன் தூக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே எடையைக் கட்டித் தூக்கிப் பார்க்கணுமாம். உங்க ஆள் பார்க்கலை. சுத்தி வந்து கண்ணால பார்த்தாரு, சுத்தியலால தட்டினாரு, கையெழுத்துப் போட்டாரு."

"பே, நீங்க ரமலான் நோன்பு வைப்பீங்களா?" என்று கேட்டார் ஸஃபினாஸ்.

"இதென்ன கேள்வி? வைப்பேன்."

"வாரா வாரம் திங்கள், வியாழன் நோன்பு?"

"அது... எங்கம்மா வைப்பாங்க."

"நீங்க வைக்கலைன்னு உங்களை யாராவது ஜெயில்ல போட்டாங்களா? அந்தப் புத்தகத்துலயும் ரெண்டு விதம் இருக்கு. வருஷா வருஷம் முழுசாப் பரிசோதிக்கணும்கிறது கட்டாயம். அதுல பளு ஏத்திப் பார்க்கிறது, பண்ணினா நல்லது. வேணுமா வேண்டாமான்னு பரிசோதகரே முடிவு பண்ணலாம். வக்தி ரமலானை விடலை பே. திங்கள், வியாழனைத்தான் விட்டாரு."

தாஹிர் பே புத்தகத்தைப் புரட்டினார். படித்தார். இன்னொரு முறை படித்தார். ஜக்லூலின் வயிற்றுக்குள் ஒரு கல்யாண ஊர்வலமே கொட்டடித்துக்கொண்டு கிளம்பியது.

"சரிதான்" என்றார் தாஹிர் பே. "வருஷாந்திரத்துக்குக் கட்டாயம் இல்லை. ஒத்துக்கிறேன்."

பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கல்யாண ஊர்வலம் நடுத்தெருவில் நின்றது.

"ஆனா இதைக் கேளுங்க. சுமை தாங்குற பாகம் எதையாவது மாத்தினா, மறுபடி வேலைக்கு விடுறதுக்கு முன்னாடி பளு சோதனை கட்டாயம். நல்லதுன்னு போடலை. கட்டாயம்னு போட்டிருக்கு." அவர் மேஜை இழுப்பறையிலிருந்து, இரண்டாக முறிந்த ஓர் இரும்புத் தண்டை எடுத்து வைத்தார். "கொக்கிக் கப்பியோட அச்சு. பாருங்க, புதுசு. பரிசோதகர் வர்றதுக்கு ஒரு வாரம் முந்தியே பழசை மாத்திட்டோம், அதை அவர்கிட்டச் சொல்லவும் செஞ்சோம்னு ஹாஜி தர்தீரி சொல்லியிருக்காரு."

"வக்தி என்ன சொல்றாரு?"

"தான் பார்த்தப்போ இருந்தது பழைய அச்சுன்னு. மாத்தினது தனக்கு அப்புறம்தான்னு. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. முன்னாடின்னா கட்டாயம் அவர் கழுத்துல. பின்னாடின்னா ஹாஜி கழுத்துல, அவர்தான் பரிசோதகரை மறுபடி கூப்பிட்டிருக்கணும். அஸருக்குள்ள எது முன்னாடி, எது பின்னாடின்னு காட்டுங்க. ஹாஜியும் அப்போ வாக்குமூலத்துல கையெழுத்துப் போட வர்றாரு."

தாழ்வாரத்தில் வக்தி விலங்கோடு உட்கார்ந்திருந்தான். ஒரு வாரத்தில் அவன் உடம்பு வற்றி, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"பழைய அச்சுதான் மேடம். தேய்ஞ்சிருந்தது, ஆனா அளவுக்குள்ள இருந்தது. அங்க இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பற்றவைக்கிற மேஸ்திரி, உஸ்தா பிஸாதாவுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். அன்னிக்கு அவர்தான் என்னைப் பக்கத்துல உட்கார வச்சுக் கல்லீரல் ரொட்டி வாங்கிக் கொடுத்தாரு. அவரும் தின்னாரு, நானும் தின்னேன். இப்போ என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறாரு."

"மச்சான், கல்லீரலுக்கு நன்றி கிடையாது" என்று சொல்லி ஜக்லூல் சிரிக்கப் பார்த்தான். வக்தி அவன் கையைப் பிடித்து, "நிஃமத்தைப் பார்த்துக்கோ" என்றான். சாகப் போகிறவன் சொல்கிற மாதிரி.

ஹாஜியின் பட்டறை இருக்கும் அக்கரைக்கு, போர்ட் ஃபுவாதுக்குப் படகேறியபோது, பாலைவனக் காற்று ஊரையே சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தது. ஜக்லூல் விழுங்கிய மணலில் ஒரு சிறு பிரமிடு கட்டலாம். ஸஃபினாஸ் படகின் நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"மேடம், யோசிக்கிறீங்களா, தூங்குறீங்களா?"

"தூங்கினா என்ன பண்ணுவ?"

"நானும் தூங்குவேன். யோசிச்சா பயமா இருக்கு."

பட்டறையில் அந்தக் கிரேன் தலை குனிந்து நின்றது. ஹமாம் விழுந்த இடத்தில் யாரோ மரத்தூள் கொட்டியிருந்தார்கள். ஜக்லூல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஸஃபினாஸ் பார்த்தார், கொஞ்ச நேரம் நின்றார், பிறகு கிரேனைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"டேய், இங்க தொடு."

தொட்டான். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"ஈர பெயின்ட்."

"ஆள் செத்த கிரேனுக்கு எவனாவது அலங்காரம் பண்ணுவானா? சரி, பண்ணினான்னே வச்சுக்குவோம். மத்த இடமெல்லாம் துருப்பிடிச்சு, பெயின்ட் உரிஞ்சு நிக்குது. இந்த ஒரு இடத்துல மட்டும், ஆள் கை எட்டுற உயரத்துல, ஒரு தட்டு அளவுக்கு மட்டும் ஏன் பெயின்ட்?"

ஜக்லூல் யோசித்தான். தன் கையை விரித்து, அந்த மஞ்சள் மேல் காற்றில் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது.

"இரத்தக் கை" என்றான் மெதுவாக.

"அதேதான். புது லாரி வாங்கினா, புதுக் கடை திறந்தா, மெஷினுக்குப் புதுப் பாகம் போட்டா, கண்ணேறு கழியட்டும்னு இந்த ஹாஜி ஆடு வெட்டாம விடுவாரா? வெட்டி, இரத்தத்துல கையை முக்கி, அறைஞ்சிருக்காரு. ஆள் செத்ததும் அது கண்ணை உறுத்தியிருக்கு, மறைச்சுட்டாரு. அச்சு மாத்தின அன்னிக்குத்தான் ஆடு விழுந்திருக்கணும். அச்சு மாத்தினது என்னைக்குன்னு எவனும் ஞாபகம் வச்சுக்க மாட்டான். கறி தின்னது என்னைக்குன்னு கேளு, சாகிற வரைக்கும் சொல்லுவான். போ, கறி தின்னவங்களைப் பிடி."

ஜக்லூல் பாய்ந்தான். பட்டறையில் வேலை செய்தவர்களையும், வேலை செய்வதாக நடித்தவர்களையும், படகுக்கடியில் தூங்கியவர்களையும், பக்கத்துத் தேநீர்க்கடைக்காரரையும், வாசலில் படுத்திருந்த நாயையும்கூட விடவில்லை. திரும்பி வந்தபோது அவன் முகம் ஹமாம் விழுந்த இடத்து மரத்தூள் நிறத்தில் இருந்தது.

"மேடம், கெட்டது. எல்லாரும் ஒரே வாயாச் சொல்றாங்க. ஆடு வெட்டினாங்களாம், தின்னாங்களாம், நல்லா இருந்ததாம். எப்போன்னு கேட்டா, பரிசோதகர் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடின்னு ஒப்பிக்கிறாங்க. பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்ற மாதிரி. ஹாஜி நேத்தே எல்லாரையும் உட்கார வச்சுப் பாடம் எடுத்திருக்காரு." அவன் பையைக் கீழே வைத்தான். "நாமளே நம்ம கையால வக்திக்குக் குழி தோண்டிட்டோம். ஆடு பேச்சை எடுக்காம இருந்தாக்கூடப் பரவாயில்லை. இப்போ சாட்சி முப்பது பேரு."

"பிஸாதா?"

"அவர் வாயே திறக்கலை. நான் கிட்டப் போனாலே பற்றவைக்கிற நெருப்பைப் பத்த வைக்கிறாரு. எனக்குப் புருவம் இருக்கான்னு பாருங்க."

"இருக்கு. ஒண்ணு." ஸஃபினாஸ் பைக்குள் கையை விட்டுக் காசு எடுத்தார். "போய் ரெண்டு கல்லீரல் ரொட்டி வாங்கு. வக்திக்கு அவர் கொடுத்தாரு, நாம திருப்பிக் கொடுப்போம்."

உஸ்தா பிஸாதா ஒரு கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்து, வெறும் ரொட்டியை வெங்காயத்தோடு தின்றுகொண்டிருந்தார். பெரிய மனிதர். கை ஒவ்வொன்றும் நங்கூரம். ஜக்லூல் மிளகாயும் பூண்டும் மணக்கும் ரொட்டியை அவர் மடியில் வைத்தான்.

"வக்தி கொடுக்கச் சொன்னாரு உஸ்தா. பழைய கணக்காம்."

பிஸாதா அந்த ரொட்டியைப் பார்த்தார். பிறகு அதை எடுத்து, அடிபட்ட குருவியை வைப்பது போல, ஜக்லூலின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"என்னால தின்ன முடியாது."

"விஷம் வைக்கலை. வேணும்னா நான் முதல்ல கடிக்கிறேன்."

"தின்ன முடியாதுன்னு சொன்னேன்ல. போப்பா." அவர் பட்டறையின் மாடி ஜன்னலை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அங்கேதான் ஹாஜியின் அறை. "எனக்கு மூணு பொண்ணு மேடம். ஹமாமை என் கையாலதான் தூக்கினேன். என்கிட்ட எதுவும் கேட்காதீங்க."

"கேட்கலை" என்றார் ஸஃபினாஸ். "பதில் சொல்லிட்டீங்க."

பிஸாதா திகைத்தார். ஜக்லூல் அதைவிட அதிகமாகத் திகைத்தான். திரும்பும் படகில் அவன் இரண்டு ரொட்டியையும் தானே தின்றான். துக்கத்தில் தின்றான், அதனால் அதிகமாக ருசித்தது.

"மேடம், என்ன பதில் சொன்னாரு அவரு?"

"உன்னால ஒரு மனுஷனைக் கோபப்படுத்த முடியுமா?"

"மூச்சு விட்டாலே போதும்னு எங்கப்பா சொல்வாரு."

"ஹாஜி தர்தீரியை. தாஹிர் பே முன்னாடி. கிரேனைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே. அச்சைப் பத்திப் பேசாதே. அவரைக் கஞ்சன்னு சொல்லு. ஆட்டுக் கறியில பிஸாதாவுக்கு மட்டும் பங்கு கொடுக்கலைன்னு சொல்லு."

"அவ்வளவுதானா? இதுக்கும் வக்திக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரிஞ்சுட்டா நீ சிரிச்சுடுவ. ஓடு, நேரமில்லை."

நேரம் உண்மையிலேயே இல்லை. அவர்கள் படியேறும்போது கோப்பைக் கட்டும் கயிறு மேஜைக்கு வந்துவிட்டது. நிஃமத் சுவரோரம் குழந்தையோடு நின்றாள். அழக் கண்ணீர் இல்லாமல், வெறுமே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தத்ரோஸ் காலையில் மிச்சம் வைத்த மொச்சையோடு மறுபடி போர் தொடுத்திருந்தார். நாற்காலி முழுக்க ஹாஜி தர்தீரி உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை வெள்ளை, ஜெபமாலை அம்பர், வயிறு அரை டன். கிரேனுக்கு அவரையே கட்டித் தூக்கிப் பார்த்திருந்தால் பளு சோதனை முடிந்திருக்கும்.

"ஏதாவது கிடைச்சதா மேடம்?" என்றார் தாஹிர் பே.

"இல்லை" என்றார் ஸஃபினாஸ். நிஃமத் குழந்தையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜக்லூல் தொண்டையைச் செருமினான். "ஹாஜி, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். உங்க பட்டறையில ஆடு வெட்டினீங்கன்னு சொன்னாங்க. நிஜமாவே ஆடா? கறி கொடுத்த அளவைக் கேட்டா, எனக்கென்னவோ புறாவோன்னு தோணுச்சு."

ஜெபமாலை நின்றது. "என்னடா சொன்ன?"

"நான் சொல்லலை, போர்ட் ஃபுவாதே சொல்லுது. தர்தீரி வீட்டு ஈ கூடப் பட்டினியா பறக்குமாம். அது உங்க விஷயம். ஆனா அந்த உஸ்தா பிஸாதா, பாவம், இத்தனை வருஷம் உங்களுக்கு நெருப்புல வெந்த மனுஷன். எல்லாருக்கும் பங்கு போட்டுட்டு, கிறிஸ்தவன்தானேன்னு அவருக்கு மட்டும் ஒரு எலும்புகூடக் கொடுக்காம..."

"எந்த நாய் சொன்னான்?" ஹாஜி எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. "தர்தீரி ஆள் பார்த்துப் பங்கு கொடுத்தான்னு சொல்ல ஒருத்தன் பிறந்து வரணும். முதல் பங்கே அவனுக்குத்தான்டா. பின்னங்கால், முழுசா. நானே என் கையால அவன் வீட்டு வாசல்ல கொண்டு போய்க் கொடுத்தேன். 'பெரிய நோன்பு நடக்குது ஹாஜி, கறி தொட மாட்டேன்'னான். 'தெரியும்டா, ஐஸ் பெட்டியில போட்டு வை, நோன்பு முடிஞ்சு ஈஸ்டர் பெருநாளைக்குப் பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடு'ன்னு சொன்னதே நான்தான். அவனைக் கேளு. அவன் பொண்டாட்டியைக் கேளு. என்னையா கஞ்சன்கிற?"

தத்ரோஸின் கரண்டி பாதி வழியில் நின்றது.

ஜக்லூலுக்கு இன்னும் விளங்கவில்லை. காலையில் வக்தி சொன்னது ஞாபகம் வந்தது. அவரும் தின்னாரு, நானும் தின்னேன். வக்தி வந்த அன்று கல்லீரல் தின்ற பிஸாதா, ஆடு வெட்டிய அன்று கறி தொடவில்லை. விளங்கிவிட்டது. மேடம் சொன்னது சரி, முன்னாடியே தெரிந்திருந்தால் சிரித்திருப்பான். இப்போது அவன் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"தத்ரோஸ் எஃபெந்தி" என்றார் ஸஃபினாஸ், "உங்க பெரிய நோன்பு எப்போ ஆரம்பிச்சுது?"

தத்ரோஸ் கரண்டியைக் கீழே வைத்தார். கோப்பின் மேலிருந்த சான்றிதழைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்னிக்கு ராத்திரி நான் கடைசியாக் கறி தின்னேன், மறக்குமா? மறுநாள் திங்கள் ஆரம்பம்."

"அதாவது, வக்தி கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்" என்றார் தாஹிர் பே.

"அவங்களுக்குத்தான் வருஷம் பூரா நோன்பாச்சே பே" என்றார் ஹாஜி. குரலில் இருந்த அரை டன் இறங்கியிருந்தது. "அது வேற ஏதாவது..."

"பெரிய நோன்பு ஒண்ணுதான் ஹாஜி" என்றார் தத்ரோஸ். "அது முடிஞ்சாத்தான் பெருநாள். இன்னும் முடியலை. நான் சாட்சி, இந்த மொச்சை சாட்சி. அதுக்கு முந்தின வாரம்னா, நாங்க வீட்டுல ஒரு துண்டு கறியை மிச்சம் வைப்போமா? ஐஸ் பெட்டியைத் துடைச்சுத் தின்னு தீர்ப்போம்."

தாஹிர் பே போலீஸ்காரர் ஒருவரை அக்கரைக்கு அனுப்பினார். அஸர் தொழுகை முடிந்து வெகுநேரம் வரை கோப்பு கட்டப்படாமல் கிடந்தது. கடைசியில் வாசலில் வெளிச்சம் மறைந்தது. உஸ்தா பிஸாதா, துணியில் சுற்றிய பெரிய பொதி ஒன்றைக் குழந்தையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஐஸ் உருகி அவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"ஹாஜியே சொல்லிட்டாருன்னு போலீஸ்காரர் சொன்னாரு" என்றார். "அப்போ நானும் சொல்லிடுறேன். அந்த அச்சு, பழைய படகுத் தண்டுல கடைஞ்சது. பளு ஏத்திப் பார்க்கலாம், வக்தியைக் கூப்பிடுங்கன்னேன். படகுக்காரன் அவசரப்படுறான்னு சொன்னாரு." அவர் நிஃமத்தின் பக்கம் திரும்பினார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. "ஹமாமுக்கும் பொண்ணு இருக்கு, தங்கச்சி. எனக்கு அது தெரியாம இல்லை."

ஹாஜி தர்தீரி தாஹிர் பேயைப் பார்த்தார், ஸஃபினாஸைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது கபடமே அல்ல. உண்மையான குழப்பம்.

"நான்தான் ஆடு வெட்டினேனே" என்றார். "கொழுத்த ஆடு. ஊருக்கே போட்டேன். அப்புறம் எப்படி உடைஞ்சுது?"

"ஆடு வெட்டுறது நல்லது ஹாஜி" என்றார் ஸஃபினாஸ். "எடை ஏத்திப் பார்க்கிறது கட்டாயம். நீங்க நல்லதை மட்டும் பண்ணிட்டீங்க."

வக்தியின் விலங்கைக் கழற்றினார்கள். ஜக்லூல் அவன் காதில் சொல்ல ஒரு நல்ல நக்கலை வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்தான். ஆனால் நிஃமத் குழந்தையோடு வந்து வக்தியின் மேல் சாய்ந்தபோது, அந்த நக்கல் எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. கால்வாயின் தண்ணீர் மறுபடி ஒரு முழம் உயர்ந்தது. இந்த முறை அதில் ஜக்லூலின் பங்கும் கொஞ்சம் இருந்தது.

தாஹிர் பே பொதியைப் பார்த்துக் கவலைப்பட்டார். "வழக்கு முடியிற வரைக்கும் இது சாட்சிப் பொருள். கீழே உணவறையில ஐஸ் பெட்டி இருக்கு, ஆனா இந்தக் கட்டடத்துல ஒரு பின்னங்காலை நம்பி யார்கிட்ட ஒப்படைக்கிறது? போலீஸ்காரங்க ராத்திரியே சூப் வச்சிடுவாங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் மூலை மேஜையைப் பார்த்தார்கள்.

தத்ரோஸ் பெருமூச்சு விட்டார். மொச்சைத் தட்டை ஒதுக்கி, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பெருநாள் வரைக்கும்தான்" என்றார். "அன்னிக்குக் காலையில சாவியை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க."